கேமிங் கிளான்களின் வரலாற்றைத் தேடுவது எப்படி: பெயரை விடுங்கள், ஆட்களைப் பிடியுங்கள்

நிஞ்சாஸ் இன் பைஜாமாஸ் என்ற ஸ்வீடன் நாட்டு கிளான், அதாவது கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினி ஆட்டத்தைச் சேர்ந்து ஆடும் கூட்டம், 2000-ல் தொடங்கியது. 2001 டிசம்பரில் டல்லாஸில் நடந்த சிபிஎல் என்ற போட்டித் தொடரின் குளிர்காலப் போட்டியில் பட்டம் வென்றது. அந்தக் கிளானின் தூண்களான ஹீட்டன், பொட்டி இருவரும் 2003-ல் எஸ்கே கேமிங் என்ற இன்னொரு கிளானின் டேக்கை, அதாவது ஆட்டப் பெயரோடு ஒட்டும் குறியை, போட்டுக்கொண்டு ஆடி, அந்த ஆண்டின் கோடைகால, குளிர்கால சிபிஎல் பட்டங்கள் இரண்டையும் எடுத்தார்கள். 2005-ல் எஸ்கேயிலிருந்து வெளியே வந்து பழைய பெயரிலேயே மறுபடி கிளான் நடத்தினார்கள். அதுவும் சில ஆண்டுகளில் அடங்கிப்போனது. 2012-ல் அதே பெயர் மூன்றாம் முறையாக உயிர்பெற்றது. இந்தத் தடவை, ஒரே இடத்தில் கூடி ஆடும் லேன் போட்டிகளில் தொடர்ந்து 87 மேப்களை (ஆட்டக்களங்களை) தோற்காமல் வென்றது. ஆனால் அந்த 87-ஐ வென்ற ஐந்து பேரில் ஒருவர்கூட 2001-ல் பட்டம் வென்ற அணியில் இல்லை. அவர்களில் ஃபாரஸ்ட், கெட் ரைட் இருவரும் எஸ்கேயிலிருந்து வந்தவர்கள். பழைய அணியைப் புதிய அணியோடு இணைத்த ஆள், நிர்வாகப் பக்கம் வந்திருந்த ஹீட்டன்.

இது ஒரு கிளானா, மூன்று கிளான்களா? எஸ்கேயின் 2003 வெற்றிகளை யார் கணக்கில் எழுதுவது? பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காது. யார், எந்தத் தேதியில், யாரோடு சேர்ந்து ஆடினார் என்று பார்த்தால் கிடைக்கும். கிளான் வரலாற்றைத் தேடும் வேலை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிச் சரிபார்ப்பது, எங்கே ஏமாறுவோம் என்பதையெல்லாம் புதிதாக இறங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

கிளான்கள் எங்கிருந்து வந்தன

சேர்ந்து ஆடுவது இணையத்தில் பழைய விஷயம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் மட் என்ற எழுத்துவடிவ ஆட்டத்தை 1978-லேயே தொடங்கிவிட்டார்கள். பெயருக்கு முன்னால் டேக் வைத்துக்கொண்டு, இன்னொரு கூட்டத்துக்குச் சவால் விட்டு, முடிவைத் தன் இணையப்பக்கத்தில் எழுதிவைக்கும் கிளான் பெருகியது குவேக் ஆட்டத்தோடுதான். ஐடி சாஃப்ட்வேர் அதை 1996 ஜூனில் வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜான் கார்மாக் குவேக்வேர்ல்ட் என்ற மாற்றுப் பதிப்பைக் கொடுத்தார். மோடம் இணைப்பில் அசைவு தாமதமாகத் தெரியும் தொல்லையை அது பெருமளவு குறைத்ததால், தொலைவில் இருக்கும் சர்வரிலும் ஆட முடிந்தது. கிளான்கள் நகரம் தாண்டி, நாடு தாண்டி மோதத் தொடங்கின.

இன்று தெரியும் பல பெயர்களின் வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது. எஸ்கே கேமிங் 1997-ல் ஜெர்மனியின் ஓபர்ஹாவுசனில் ஷ்ரோட் கொமாண்டோ என்ற குவேக் கிளானாகப் பிறந்தது. அதைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான ரால்ஃப் ரைஷர்ட் பின்னால் இஎஸ்எல் லீக்கை நடத்திய நிறுவனத்தையும் தொடங்கினார். அந்த லீக்கின் முன்னோடிக்கே ஜெர்மன் கிளான் லீக் என்றுதான் பெயர். 1999-ல் ஹாஃப்-லைஃப் ஆட்டத்தின் மோடாக (அதை மாற்றிச் செய்த வடிவமாக) கவுன்டர்-ஸ்ட்ரைக் வந்தபோது இந்தக் கிளான்களில் பல அப்படியே அங்கே ஒரு கிளை திறந்தன. ஆகவே ஓர் ஆட்டத்துக்குள் மட்டும் தேடினால் கிளானின் பாதி வரலாறு கையில் வராது.

நான்கு உறவுகள்

இரண்டு கிளான்களுக்கு நடுவே இருக்கக்கூடிய தொடர்பு பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்: பெயர்மாற்றம், பிரிவு, இணைவு, பெயர்மீட்பு. பெயர்மாற்றத்தில் ஆட்கள் அப்படியே இருக்க டேக் மட்டும் மாறும். பிரிவில் ஒரு ரோஸ்டர், அதாவது ஆட்களின் பட்டியல், இரண்டாகும். பழைய பெயர் ஒரு பாதியிடம் தங்கும், சில நேரம் இருவரிடமும் தங்காது. இணைவுக்கு நம் நாட்டு உதாரணம் எஸ்8யுஎல். டீம் சோல், 8பிட் என்ற இரண்டு கிளான்களும் 2020-ல் சேர்ந்தபோது இரண்டு பெயரும் தெரியும்படி டேக்கை அமைத்துக்கொண்டார்கள். ஆனால் டீம் சோல் என்ற பெயர் அதன் பிறகும் போட்டி அணியின் பெயராக வழக்கில் இருந்தது. அதனால் இணைந்த தேதியோடு சோலின் காலக்கோட்டை முடித்துவிடுவது தவறு.

பெயர்மீட்புதான் அதிகம் ஏமாற்றுவது. பழைய பெயரை எடுத்தவர் பழைய ஆளா, அனுமதி பெற்ற ரசிகரா, எதிரியா? எதிரி எடுத்த கதை ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டத்தில் நடந்தது. அந்த ஆட்டத்தில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரிய கூட்டணியின் இயக்குநர் ஒருவர் 2009 பிப்ரவரியில் எதிர்ப்பக்கம் சாய்ந்து, கூட்டணியையே கலைத்துவிட்டார். பெயர் காலியானதும் எதிரிகளான கூன்ஸ்வார்ம் அந்தப் பெயரைத் தாங்களே பதிவு செய்துகொண்டார்கள். உண்மையான உறுப்பினர்கள் கென்சோக்கு என்ற வேறு பெயரில் ஒன்றுசேர வேண்டியிருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு பெயரைப் பின்தொடர்பவர் நேராக எதிரி முகாமில் போய் நிற்பார்.

தொடர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய ஓர் அளவுகோல் வேண்டும். ஐவர் அணி ஆட்டங்களுக்கு, மூன்று பேர் பொதுவாக இருந்தால் தொடர்ச்சி என்று வைத்துக்கொள்வது நல்லது. இது நாமாக இட்டுக்கட்டிய எண் இல்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் மேஜர் போட்டிகளில் தகுதியிடம் ஐவரில் பெரும்பான்மையோடு போகும் என்ற வழக்கம் இருந்தது. மூன்று பேர் ஒன்றாக வேறு நிறுவனத்துக்குப் போனால் இடமும் அவர்களோடு போனது. பெரிய கிளான்களுக்கு ரோஸ்டரில் பாதிக்குமேல் என்று கொள்ளலாம். எந்த அளவை எடுத்தாலும் அதை முதலிலேயே எழுதிவைத்து, நடுவில் மாற்றாமல் இருங்கள். பிடித்த கிளானுக்கு ஒரு கணக்கு, பிடிக்காததற்கு ஒரு கணக்கு என்று வழுக்குவது இந்த இடத்தில்தான்.

ஆளை அடையாளம் காண்பது

டேக் யாரும் போட்டுக்கொள்ளலாம். அன்றைய ஆட்டங்களில் அதைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. ஒரு மேட்சுக்கு ஆள் குறைந்தால் வெளியாள் ஒருவரை மெர்க் ஆகக் கூப்பிட்டு, அன்று மட்டும் டேக் போடச் சொல்வது சாதாரணம். ஒரே ஸ்க்ரீன்ஷாட்டில் டேக்கோடு தெரிகிறார் என்பதற்காக ஒருவரை உறுப்பினர் என்று எழுதாதீர்கள். குறைந்தது இரண்டு வெவ்வேறு ஆதாரங்கள், நடுவே இரண்டு வார இடைவெளியாவது இருக்கட்டும்.

பெயரைவிட உறுதியானது ஐடி. ஆட்டங்களை இணையத்தில் விநியோகிக்கும் ஸ்டீம் 2003 செப்டம்பரில் பொதுவாகத் திறக்கப்பட்ட பின் ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத எண் ஒன்று உண்டு. சர்வர் தானாக எழுதிவைத்த பழைய பதிவுக்கோப்பான லாகில் அது ஸ்டீம்_0:1:1234 என்ற வடிவில் இருக்கும். இன்றைய ஸ்டீம் பக்கத்தில் அதே ஆள் 17 இலக்க எண்ணாக இருப்பார். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கணக்கு எளிது: கடைசி எண்ணை இரண்டால் பெருக்கி, நடு எண்ணைக் கூட்டி, வரும் விடையோடு 76561197960265728-ஐக் கூட்ட வேண்டும். நம் உதாரணத்தில் 1234 × 2 = 2468; அதோடு 1 கூட்டினால் 2469; முழு எண் 76561197960268197. இதை எக்ஸெலில் போட்டால் தவறாகும். எக்ஸெல் 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் காக்காது, கடைசி இரண்டு இலக்கங்களைச் சுழியமாக்கிவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவம் என்று அமைத்துவிட்டு, கூட்டலைக் கணினியின் கால்குலேட்டரில் செய்யுங்கள். புதிய ஆட்டங்களில் முதல் எண் 0-க்குப் பதில் 1 என்று இருக்கும். ஆள் மாறவில்லை, எழுதும் முறைதான் மாறியது.

இந்த ஐடி உதவாத இடங்களும் உண்டு. ஸ்டீமுக்கு முன் வான் என்ற சேவை இருந்தது. 2004-ல் அதை மூடினார்கள். அக்கால லாகில் வெறும் எண்தான் இருக்கும். அதை ஸ்டீம் எண்ணாக மாற்றச் சூத்திரம் ஏதும் கிடையாது. லேன் சர்வரில் எல்லோருக்கும் ஸ்டீம்_ஐடி_லேன் என்ற ஒரே சொல்தான் பதிவாகும். பிரவுசிங் சென்டர்களில் லேனில் ஆடிய கிளான்களைத் தேடுபவர்களுக்கு இது பெரிய தடை. அங்கே ஐடியை நம்ப வழியில்லை. பெயர், தேதி, உடன் ஆடியவர்கள் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நண்பர்கள் ஒரே கணக்கைப் பங்குபோட்டுக்கொண்டதும் உண்டு. ஐடி கணக்கைக் காட்டும்; கையில் மவுஸ் பிடித்திருந்தது யார் என்று அதற்குத் தெரியாது.

லாக், டெமோ, ஸ்க்ரீன்ஷாட்

ஹாஃப்-லைஃப் சர்வர் லாக் ஒரு புதையல். கோப்பின் பெயரிலேயே மாதமும் நாளும் இருக்கும்: எல்0823003 என்றால் ஆகஸ்ட் 23-ன் நான்காவது கோப்பு, ஏனென்றால் வரிசை 000-லிருந்து தொடங்கும். ஆண்டு பெயரில் இருக்காது, உள்ளே இருக்கும் வரிகளில்தான் இருக்கும். அந்த வரிகளில் தேதி மாதம்/நாள்/ஆண்டு என்ற அமெரிக்க வரிசையில் வரும். 08/03/2003 என்பது ஆகஸ்ட் 3. நம் பழக்கத்தில் மார்ச் 8 என்று படித்துவிட்டால் ஐந்து மாதம் தள்ளிப்போகும். கிளான் பிரிந்தது பட்டத்துக்கு முன்பா பின்பா என்பதே தலைகீழாகிவிடும். நாள் 12-ஐத் தாண்டும் வரி ஒன்றைக் கண்டுபிடித்து வரிசையை உறுதி செய்த பிறகே மற்றவற்றைப் படியுங்கள்.

லாகில் ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னும் மூன்று கோண அடைப்புகள் இருக்கும். முதலாவது அந்த நேரத்து வரிசை எண். மறுநாள் வேறொருவருக்குப் போகும், அதை விட்டுவிடுங்கள். இரண்டாவதுதான் ஐடி. மூன்றாவது அணி. நீங்கள் முதலில் தேட வேண்டியவை பெயரை மாற்றியதாகச் சொல்லும் வரிகள். பழைய பெயர், ஐடி, புதிய பெயர் மூன்றும் ஒரே வரியில், நொடியோடு கிடைக்கும். ஒருவர் ஒரு டேக்கைக் கழற்றி இன்னொன்றைப் போட்ட அந்தக் கணமே பதிவாகியிருக்கும். மூன்று நான்கு பேர் ஒரே மாலையில் அப்படி மாற்றியிருந்தால் ஒரு பிரிவின் தேதி கையில் கிடைத்துவிட்டது என்று பொருள். கிளான்கள் தங்கள் பக்கத்தில் எழுதிக்கொண்ட எந்த அறிவிப்பைவிடவும் இதை நாங்கள் மேலாக மதிக்கிறோம்.

மேட்சைப் பதிவுசெய்த கோப்பான டெமோவை, அது குவேக்குடையதாக இருந்தால், எழுத்துத்திருத்தியில் திறந்தால் பெயர்கள் ஓரளவு தெரியும். டேக் மட்டும் குப்பை எழுத்தாக இருக்கும். காரணம், அன்று டேக்கை நிறமாற்றிய எழுத்துகளில் எழுதினார்கள். அந்த எழுத்துகளின் எண் 128 கூட்டப்பட்டிருக்கும். ஹெக்ஸ் திருத்தியில் 211, 203 என்ற இரு பைட்களைக் கண்டால் 128-ஐக் கழியுங்கள்: 83, 75. அவை எஸ், கே. தங்கநிறச் சதுர அடைப்புக்குறிகள் 16, 17 என்ற எண்களிலும், தங்கநிற இலக்கங்கள் 18 முதல் 27 வரையிலும் இருக்கும். குவேக் 3 டெமோவில் இந்த வழி பலிக்காது. அதன் செய்திகள் சுருக்கி அடைக்கப்பட்டவை, ஆட்டத்திலோ அதற்கான கருவியிலோ போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கோப்பின் வால்பெயர் ஒரு தகவல் தரும்: டிஎம்_68 என்று முடிந்தால் அது ஆட்டத்தின் 1.32 பதிப்பில் பதிவானது, ஆகவே அந்தப் பதிப்பு வெளிவருவதற்கு முந்திய மேட்சாக இருக்க முடியாது.

கோப்பின் தேதியை எப்போதும் சந்தேகப்படுங்கள். விண்டோஸில் நகலெடுத்தால் உருவான தேதி இன்றாகிவிடும், திருத்திய தேதி பழையபடி நிற்கும். ஜிப்புக்குள் இருக்கும் தேதி பெரும்பாலும் அடைத்தவரின் கணினிக் கடிகாரத்துப்படி, எந்த நேர மண்டலம் என்ற குறிப்பு இல்லாமல் இருக்கும். யாராவது பழைய கோப்புகள் தருவதாகச் சொன்னால் ஒவ்வொன்றாக அனுப்பச் சொல்லாதீர்கள். முழு ஃபோல்டரையும் ஜிப் செய்து தரச் சொல்லுங்கள், தேதிகள் பிழைக்கும்.

செத்துப்போன இணையப்பக்கங்கள்

கிளான் பக்கங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. இலவச இடம் தந்த ஜியோசிட்டிஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. அங்கே ஆட்டங்களுக்கான பகுதிக்கு டைம்ஸ் ஸ்கொயர் என்று பெயர். பழைய முகவரியில் அந்தச் சொல்லைக் கண்டால் சரியான தெருவுக்கு வந்துவிட்டீர்கள். பல கிளான்கள் குவேக் காலத்திலிருந்து சார்ந்திருந்த கேம்ஸ்பை 2014-லும், ஆட்டக்காரர்களின் அரட்டைக் கருவியான எக்ஸ்ஃபயர் 2015-லும் போய்விட்டன. மிஞ்சியிருப்பது இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின்.

வேபேக்கில் முகவரியை அடித்து, காலண்டரில் ஒரு நாளைத் தட்டிப் பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதைவிடப் பலன் தருவது, தளத்தின் முகவரிக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரக்குறியும் போட்டுத் தேடுவது. அந்தத் தளத்தில் பிடிக்கப்பட்ட எல்லாப் பக்கங்களும் பட்டியலாக வரும். பழைய கிளான் பக்கங்கள் ஃப்ரேம்களால் ஆனவை. முகப்பு வெறுமையாகத் தெரிந்தாலும் உறுப்பினர் பட்டியல் தனிக் கோப்பாகப் பிழைத்திருக்கக்கூடும், அது இந்தப் பட்டியலில்தான் அகப்படும். மெம்பர்ஸ், ரோஸ்டர், ஹிஸ்டரி, வார்ஸ், மேட்சஸ் என்ற சொற்கள் கொண்ட கோப்புப் பெயர்களை முதலில் பாருங்கள். ஜெர்மன் கிளானாக இருந்தால் மிட்க்லீடர். அந்தந்த மொழியில் உறுப்பினருக்கான சொல்லைத் தெரிந்துகொண்டு தேட வேண்டும்.

ஆர்க்கைவ் முகவரியின் நடுவில் இருக்கும் 14 இலக்கங்கள் பிடித்த நேரம்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அது கிரீன்விச் நேரம். 20030814193000 என்றால் அங்கே 2003 ஆகஸ்ட் 14 இரவு 7.30, இந்தியாவிலும் இலங்கையிலும் ஆகஸ்ட் 15 பிறந்துவிட்டிருக்கும். அந்த 14 இலக்கங்களை ஒட்டி ஐடி என்ற இரு எழுத்துகளையும் ஓர் அடிக்கோட்டையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்தால், ஆர்க்கைவ் எதையும் மாற்றாத மூலக்கோப்பு கிடைக்கும். அதன் மூல எழுத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்தைச் செய்தவர் விட்டுச்சென்ற குறிப்பு, நீக்காமல் மறைத்துவைத்த பழைய ரோஸ்டர், இன்னொரு கிளான் பக்கத்திலிருந்து நகலெடுத்த அச்சு எல்லாம் அங்கே இருக்கும்.

மிகப் பெரிய பொறி ஒன்று இங்கே உண்டு. வேபேக்கில் தெரியும் பக்கம் ஒரே நாளில் எடுத்த படம் அல்ல. எழுத்து 2001-ல் பிடித்ததாக இருக்கும்; அதில் வரும் படங்களும் உள்ஃப்ரேம்களும் அதற்கு மிக அருகில் கிடைத்த வேறு நாளிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும், அது 2003 ஆகவும் இருக்கலாம். ரோஸ்டரைப் படமாகப் போட்ட கிளான்கள் நிறைய. முகப்பின் தேதியை அந்தப் படத்துக்கும் கொடுத்துவிட்டால் இரண்டு ஆண்டு பின்னால் வந்த ஆள் தொடக்க உறுப்பினர் ஆகிவிடுவார். படத்தை வலது சொடுக்கித் தனியாகத் திறந்து, அதன் 14 இலக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அப்படியே.

தொடங்கிய ஆண்டு என்று கிளான் தானே எழுதிக்கொண்டதை ஆதாரமாக எடுக்காதீர்கள். அதை ஒரு கூற்றாக மட்டும் பதிந்துவையுங்கள். மூத்தவர் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில் தேதி பின்னோக்கி நகரும். 1999-ல் பிடித்த பக்கத்தில் 1998 என்றும், 2004-ல் பிடித்த அதே தளத்தில் 1996 என்றும் இருப்பதைப் பார்க்கலாம். டொமைன் பதிவுத் தேதி எதிர்த்திசையில் பொய் சொல்லும். புதுப்பிக்காமல் விழுந்த டொமைனை வேறொருவர் வாங்கினால் பதிவுத் தேதி புதிதாகத் தொடங்கும், ஆக 2000-ல் இருந்த கிளானுக்கு 2008 காட்டும்.

கருத்துக்களம் பிழைத்திருந்தால் உறுப்பினர் எண்ணைப் பாருங்கள். பிஎச்பிபிபி மென்பொருளில் எண்கள் ஏறுவரிசையில் போகும், 2 என்பது பெரும்பாலும் நிறுவிய நிர்வாகி. சேர்ந்த தேதி இல்லாவிட்டாலும் யாருக்குப் பின் யார் என்பது தெரியும். எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்ததாகக் காட்டினால் அது தளம் இடம்மாறிய நாள். கிளான் பிறந்த நாளாக எழுதிவிடாதீர்கள்.

அரட்டைகள்

ஐரோப்பியக் கிளான்களின் கூடம் 1997-ல் தொடங்கிய குவேக்நெட் என்ற ஐஆர்சி அரட்டை வலை. 2005 வாக்கில் ஒரே நேரத்தில் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் இணைந்திருந்தார்கள். பயிற்சி ஆட்டத்துக்கு எதிரணி தேடியது, மெர்க் கேட்டது, சண்டை போட்டுப் பிரிந்தது எல்லாம் அங்கேதான். ஐஆர்சிக்கான எம்ஐஆர்சி மென்பொருளின் லாகில் ஒவ்வொரு வரியிலும் மணி இருக்கும், தேதி இருக்காது. தேதி அமர்வு தொடங்கும் வரியில் மட்டும் இருக்கும். இரவு பன்னிரண்டைத் தாண்டிய அரட்டைக்கு மறுநாள் தேதியை நீங்களே கணக்கிட வேண்டும். தனி அரட்டை லாக் உங்களுக்கு வந்தால், பேசிய இருவரின் ஒப்புதலும் இல்லாமல் அதிலிருந்து வரிகளை வெளியிடாதீர்கள். தேதியை உறுதிசெய்ய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கார்ட் 2015-ல் வந்தது. அதன் ஒவ்வொரு ஐடிக்குள்ளும் பிறந்த நேரம் பொதிந்திருக்கிறது. அமைப்புகளில் டெவலப்பர் மோடை இயக்கி, சர்வர் பெயரை வலது சொடுக்கி ஐடியை எடுங்கள். அதை 4194304-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, 1420070400000-ஐக் கூட்டினால் 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லிநொடிகள் வரும். 175928847299117063 என்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள்: 1462015105796 என்று வரும், அது 2016 ஏப்ரல் 30, கிரீன்விச் நேரம் 11:18. யாருடைய நினைவையும் கேட்காமல் சர்வரின் பிறந்த நாள் கிடைத்துவிடுகிறது. அது சர்வரின் பிறந்த நாள் மட்டுமே. கிளான் அதற்குப் பல ஆண்டு மூத்ததாக இருக்கலாம். டிஸ்கார்டில் இருக்கும் படங்களின் இணைப்பை மட்டும் சேமித்தால் வெளியே அது சுமார் ஒரு நாளில் செயலிழந்துவிடும். கோப்பையே இறக்கிக்கொள்ளுங்கள்.

தன் வரலாற்றைத் தானே வைத்திருக்கும் ஆட்டம், வைக்காத ஆட்டம்

ஈவ் ஆன்லைன் இந்த வேலைக்கு ஒரு சொர்க்கம். ஒவ்வொரு பாத்திரமும் எந்தத் தேதியில் எந்த கார்ப்பரேஷனில் (அங்கே கிளானுக்கு அதுதான் பெயர்) சேர்ந்தது, ஒவ்வொரு கார்ப்பரேஷனும் எந்தக் கூட்டணியில் எப்போது இருந்தது என்ற முழு வரிசையும் பொதுவில் இருக்கிறது. மென்பொருள் நேரடியாகத் தரவு கேட்கும் வழியான ஏபிஐ மூலமாகவும் எடுக்கலாம். 2009-ல் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கலைந்ததை அந்தத் தேதிகளிலேயே பார்க்கலாம். ஏன் கலைந்தது என்பதற்கு மட்டும் மனிதர்களிடம் போக வேண்டும்.

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் நேர்எதிர். கிளானுக்கு மாறாத டேக் உண்டு, 50 பேர் வரை இருக்கலாம். ஆனால் ஏபிஐ இன்றைய உறுப்பினர்களை மட்டும் தரும். போன மாதம் யார் இருந்தார் என்று கேட்டால் பதில் இல்லை. இங்கே கிளான் டேக் வெளிக்கூட்டைத்தான் அடையாளம் காட்டும், உள்ளிருக்கும் ஆட்களை அல்ல. தலைமை கைமாறி, ஐம்பது பேரும் மாறிய பிறகும் டேக் அதேதான் இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை உறுப்பினர் பட்டியலை, ஒவ்வொருவரின் சொந்த டேக்கோடு, இறக்கிவைப்பதே ஒரே வழி. படத்திலிருந்து டேக்கைத் தட்டச்சு செய்யும்போது ஒரு குறிப்பு: அந்த டேக்குகள் 0, 2, 8, 9 என்ற இலக்கங்களையும் பி (P), ஒய், எல், க்யூ, ஜி (G), ஆர், ஜே, சி, யூ, வி என்ற எழுத்துகளையும் மட்டும் கொண்டவை. வட்டமாகத் தெரிவது எப்போதும் சுழியம். ஓ என்ற எழுத்து வரவே வராது.

இந்திய மொபைல் கிளான்களைத் தேடுபவர் முதலில் தடைத் தேதிகளைக் காலக்கோட்டில் குறிக்க வேண்டும். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்தது. 2022 ஜூலையில் ஆப் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைபட்டது. இந்த இடைவெளிகளில் ஒரு கிளானின் பதிவு நின்றுபோனால் கிளான் கலைந்தது என்று எழுதிவிடாதீர்கள். இடைவெளிக்கு முன்னும் பின்னும் இருந்த ரோஸ்டர்களை ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள்.

எழுதிவைக்கும் முறை

ஒரு விரிதாள் போதும், அதில் இரண்டு தாள்கள். முதல் தாளில் ஒரு வரிக்கு ஒரு காட்சி: ஆளின் ஐடி அல்லது பெயர், போட்டிருந்த டேக், தேதி, ஆட்டம், ஆதாரக் கோப்பு, ஆதாரத்தின் தரம். தரத்துக்கு மூன்று படிகள் வையுங்கள்: லாக், டெமோ, ஏபிஐ முதல் படி, அன்றைய பக்கமும் லீக் முடிவுகளும் இரண்டாவது, பிற்கால நினைவு மூன்றாவது. தேதியை எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதுங்கள், வரிசைப்படுத்தும்போது குழப்பம் வராது. ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டு மட்டும் எழுதுங்கள். ஜனவரி 1 என்று நிரப்பினால் நாளை அது உண்மையான தேதிபோல நடமாடும்.

இரண்டாம் தாளில் ஒரு வரிக்கு ஓர் உறவு: எந்தக் கிளானிலிருந்து எதற்கு, நான்கில் எந்த வகை, எத்தனை பேர் பொது, எந்தத் தேதிகளுக்கு இடையில். அம்புக்குறி போட்ட படம் வேண்டுமானால் இந்தத் தாளையே கிராஃப்விஸ் போன்ற கருவிக்குக் கொடுக்கலாம். படம் முதலில் வரையாதீர்கள். வரைந்த கோட்டை அழிக்க மனம் வராது, அதற்கேற்ப ஆதாரம் தேட ஆரம்பித்துவிடுவோம்.

ஆட்களிடம் பேசப் போவது இதற்குப் பிறகு. எந்த ஆண்டு பிரிந்தீர்கள் என்று கேட்டால் தவறான விடைதான் வரும். அப்போது எந்த மேப் ஆடினீர்கள், எந்த மோடம் வைத்திருந்தீர்கள், பள்ளியா கல்லூரியா என்று கேளுங்கள், தேதி தானாக விழும். கையில் இருக்கும் ரோஸ்டரைக் காட்டுவதற்கு முன் அவர்களையே பெயர்களைச் சொல்லவிடுங்கள். காட்டிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்கள்.

அன்று ஆடியவர்களில் பலர் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். பொது மேடையில் தானே பெயர் சொன்னவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஆட்டப் பெயரை மட்டும் பயன்படுத்துங்கள். இயற்பெயர் தெரிந்தாலும் விரிதாளில்கூட வேண்டாம். சேகரித்த லாகுகளை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுவதானால் முதலில் இரண்டு வகை வரிகளைத் தேடி நீக்குங்கள். ஒருவர் சர்வரில் இணைந்ததைச் சொல்லும் வரியில் அவருடைய ஐபி முகவரி இருக்கும். சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் கட்டளையான ஆர்கான் (rcon) என்று தொடங்கும் வரியில் சர்வரின் கடவுச்சொல் அப்படியே கிடக்கும்; அதே கடவுச்சொல்லை அந்த நிர்வாகி இன்னும் வேறெங்காவது வைத்திருக்கக்கூடும். நீக்கிய பிரதிக்கு வேறு பெயர் கொடுத்து அதை ஏற்றுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.